கரிய சுவர்களின் பின்கட்டில்

அந்த மாடி ஜன்னலைக் கொஞ்சம் நின்று பாருங்கள்! கீழே கடையில் கூட்டம் முண்டியடிக்கட்டும், ஐஸ்கிரீம் வாங்கட்டும், படம் பிடிக்கட்டும். நம் கண் மேலேயே இருக்கட்டும். இருபுறமும் விரியத் திறந்திருக்கும் அந்தக் கதவுகள் வெறும் மரமில்லை, இரும்புமில்லை. மண்! ஒரு சாண் பருமனுக்கு மண்ணை அப்பி, மேலே கருஞ்சாந்து பூசிய கதவுகள். விளிம்பில் படிப்படியாகச் சில அடுக்குகள் தெரிகின்றனவா? அலங்காரம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கதவைச் சாத்திப் பார்த்தால்தான் சங்கதி புரியும். ஒரு கதவின் படிகளுக்குள் மறு கதவின் படிகள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். இத்தனை மடிப்புகளில் வளைந்து நெளிந்து உள்ளே வர நெருப்புக்கு வழியே இல்லை!

ஜப்பானின் சைதாமா மாநிலத்தில், டோக்கியோவுக்கு வடமேற்கே, தலைநகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கவகோயே. டோக்கியோவுக்கு எடோ என்ற பெயர் இருந்த காலத்துச் சாயல் இன்னும் மிச்சமிருப்பதால் ‘கோ-எடோ’, அதாவது குட்டி எடோ, என்று செல்லப்பெயர். இந்த வணிகர் நகரத்தில் எதை அழகு என்று பார்த்து வியந்து நிற்கிறோமோ, அதன் பின்னால் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. ஒரு பயம், ஒரு கணக்கு, ஒரு வியாபாரத் தேவை. அதையெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பதில் இருக்கும் குதூகலம் வாசலோடு திரும்பிவிடுகிறவர்களுக்குக் கிடைக்காது. நாம் பின்கட்டுவரை போகப்போகிறோம். வாருங்கள்!

கடை திறக்கும் முன்னே

இக்கெபுக்குரோ நிலையத்தில் தோபு தோஜோ தடத்தின் விரைவு ரயிலைப் பிடித்தால் கவகோயேவுக்கு அரை மணி நேரப் பயணம். ஷின்ஜுகு பக்கம் தங்கியிருப்பவர்களுக்குச் செய்பு ரயில் வசதி. அது ஹொன்-கவகோயே நிலையத்தில் இறக்கிவிடும். பழைய கடைத்தெருவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அந்த நிலையம்தான். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் போதும்.

பெரும்பாலான கடைகள் காலை 10 மணிவாக்கில் திறக்கும். ஒன்பது மணிக்கே போய்விடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அந்த ஒரு மணி நேரம் தெரு நம்முடையது. இச்சிபன்-காய் என்னும் அந்த முதன்மைத் தெரு அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. இருபுறமும் கன்னங்கரேலென்று தோளோடு தோள் உரச நிற்கின்றன பழைய கடைகள். ஒரு கடைக்காரம்மா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார். எதிர்க்கடையில் ஒருவர் நிலைக்கு மேலே மூங்கில் கழியில் துணித்திரையை மாட்டுகிறார். அந்த நோரென் திரை தொங்கினால் கடை திறந்துவிட்டது என்று கணக்கு. பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டியில் பானைகளும் தட்டுகளும் வருகின்றன. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளை ஒன்று அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆமாம், இந்த ஊரில் மனிதர்கள் வாழ்கிறார்கள்! இது காட்சிக்காக எழுப்பிய தெரு இல்லை. இங்கே பார்க்கப்போகும் ஒவ்வொன்றுக்கும் இதுதான் அடிப்படை.

எரிந்த ஊரில் எரியாத ஒரு வீடு

கரிய சுவர்களின் கதை 1893 மார்ச் 17-ல் தொடங்குகிறது. அன்று மூண்ட பெருந்தீயில் கவகோயேவில் 1302 வீடுகள் சாம்பலாயின. ஊரில் மொத்தமே 3315 வீடுகள்! ஐந்தில் இரண்டு வீடு ஒரே நாளில் போனால் வணிகர்களின் நிலை என்ன? சரக்கு போச்சு, கணக்கேடு போச்சு, கடையும் போச்சு.

புகை அடங்கியபின் பார்த்தால், எரிந்த தெருவில் சில கட்டடங்கள் மட்டும் குத்துக்கல்லாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று 1792-ல் ஒரு துணி வணிகர் கட்டிய கடை. இன்று ஒசாவா இல்லம் என்று அழைக்கப்படும் அந்த வீடு அப்போதே நூறு வயதைத் தாண்டியிருந்தது. பழைய மண்மாளிகை பிழைத்துக்கொண்டது, புதிய மரவீடுகள் பொசுங்கிப் போயின. வியாபாரிகளுக்கு வேறு பாடம் வேண்டுமா? கையில் காசு இருந்தவர்கள் எல்லோரும் ‘குராசுகுரி’ என்னும் தடித்த மண்சுவர்க் கட்டுமானத்துக்கு மாறினார்கள். இன்று நாம் பார்க்கும் தெரு பெரும்பாலும் அந்தத் தீக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் எழுந்தது.

ஒசாவா இல்லம் இப்போதும் கடையாகவே இருக்கிறது. கீழே கைவினைப் பொருள்களின் விற்பனை. சிறு கட்டணம் கொடுத்தால் மாடியையும் பார்க்கலாம், தவறவே விடாதீர்கள்! செங்குத்தான படியேறி மேலே போனதும் முதலில் உறைப்பது குளிர்ச்சி. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அது எட்டவில்லை. தெருப்பக்கம் ஜன்னல் இருக்கும் இடத்தில் மண் பூசிய தடித்த கம்பிகள் நெருக்கமாக நிற்கின்றன. அந்த இடுக்கு வழியே தெருவைப் பார்த்தால் கீழே நடக்கிறவர்கள் துண்டு துண்டாகத் தெரிகிறார்கள். 230 ஆண்டுகளுக்கு முன்னால் துணிமூட்டைகளை அடுக்கி வைத்திருந்த ஒரு வணிகர், வாடிக்கையாளர் யார் வருகிறார் என்று இதே இடுக்கில்தானே பார்த்திருப்பார்! அதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்தது.

சுவரின் வயிற்றுக்குள்

சரி, இந்தச் சுவர் எப்படித்தான் உருவாகிறது? வெளியே பார்த்தால் ஒரே வழவழப்பு. உள்ளே இருப்பதோ மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் உழைப்பு.

முதலில் மரச்சட்டம். அதன்மேல் மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரு தட்டி. அதில் நார்க்கயிறுகளை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். அப்பும் மண்ணைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கயிறுகள்தாம். மண்ணில் நறுக்கிய வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்து புளிக்கப்போட்டு, அது நன்றாகப் பதப்பட்டதும் முதல் பூச்சு. அது முழுக்கக் காய்ந்து வெடிப்பு விடும்வரை காத்திருந்து, வெடிப்பின் மேலே அடுத்த பூச்சு. அதுவும் காய வேண்டும். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. இப்படிச் சுவர் ஏறத்தாழ ஓர் அடி பருமனுக்கு வளர்கிறது. அவசரப்பட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிச் சுவர் பிளந்துவிடும். அதனால்தான் இத்தனை நாள்.

கடைசியாக வருகிறது நாம் மயங்கி நிற்கும் அந்தக் கறுப்பு. சுண்ணாம்பில் கடற்பாசியைக் காய்ச்சிய பசையும் சணல் நாரும் சேர்த்த சாந்து, அதோடு விளக்குக்கரி. பூசிவிட்டு அப்படியே விட்டுவிடுவதில்லை. கரணையால் தேய்த்து, துணியால் தேய்த்து, கடைசியில் வெறுங்கையாலேயே தேய்த்து மெருகேற்றுகிறார்கள். நல்ல கைகாரர் தேய்த்த கருஞ்சுவரில் எதிர்த்தெருவின் நிழல் தெரியும்! வெள்ளைச் சாந்தைவிட இதற்கு வேலையும் கூடுதல், செலவும் கூடுதல். ஆனாலும் கவகோயே வணிகர்கள் கறுப்பையே கேட்டு வாங்கினார்கள். அன்றைய டோக்கியோவின் பெரிய கடைத்தெருக்களில் கறுப்புதான் மதிப்பு.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்த விவரம். தீ வரும்போது கதவைச் சாத்தினால் மட்டும் போதாது; மயிரிழை இடைவெளியையும் அடைக்க வேண்டும். அதற்காகவே பிசைந்த மண்ணை ஈரம் காயாமல் எப்போதும் தயாராக வைத்திருப்பது வழக்கம். மணிச்சத்தம் கேட்டதும் ஏணியில் ஏறிக் கதவு இடுக்குகளில் அந்த மண்ணை அப்பிவிட்டு ஓட வேண்டியதுதான். மண் போதாமல் போனால் சமையல்கட்டிலிருந்து மிசோவை வாளியோடு தூக்கி வந்து அப்புவார்களாம்! சூப்புக்குக் கரைக்கும் அதே மிசோதான். சரக்கு பிழைத்தால் மிசோ மறுபடியும் போட்டுக்கொள்ளலாம் என்கிற வியாபாரியின் கணக்கு அதில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து கூரையைப் பாருங்கள். கீழே முழுக்கப் பயம் என்றால் மேலே முழுக்கப் பெருமை! கூரையின் முகடு தேவைக்குமேல் உயரமாக, ஒரு பெட்டியைத் தூக்கி வைத்த மாதிரி நிற்கிறது. அதன் இரண்டு நுனியிலும் ‘ஓனிகவாரா’ என்னும் பிரம்மாண்ட முகட்டு ஓடுகள். அந்த ஓட்டுக்குப் பின்னால் சாந்தை மேடாகக் குவித்து, ஓட்டை இன்னும் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு உயர்த்தினாரோ அதைவிட ஒரு பிடி உயர்த்துவது! அப்படிப் போட்டியில் வளர்ந்த முகடுகள் இவை. வீட்டை இழந்து நின்ற ஒரு தலைமுறை, நாங்கள் மறுபடி எழுந்துவிட்டோம் என்று ஊருக்கு அறிவித்த விதம் அது. அண்ணாந்து பார்க்கும்போதே மனம் நிமிர்ந்துகொள்கிறது.

தலைநகர் தொலைத்தது, இங்கே இருக்கிறது

1881-ல் டோக்கியோ நகரம் தன் முக்கியத் தெருக்களில் தீப்பிடிக்காத கட்டடங்கள்தாம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நிஹொன்பாஷி பக்கமெல்லாம் கரிய மண்மாளிகைகள் முளைத்தன. கவகோயே வணிகர்கள் வியாபாரத்துக்காக அடிக்கடி போய்வந்த ஊர் அது. தங்கள் ஊர் எரிந்ததும் அந்தப் பாணியையே இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு 1923-ல் நிலநடுக்கம் டோக்கியோவை உலுக்கியது. 1945-ல் குண்டுவீச்சு. தலைநகரின் கரிய கடைத்தெருக்கள் மறைந்தே போயின. கவகோயே பெரிய குண்டுவீச்சுக்கு ஆளாகவில்லை. மூலம் அழிந்தபின் நகல் மிஞ்சியது! பழைய டோக்கியோவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டோக்கியோவை விட்டு ரயிலேறி இங்கே வருகிறார்கள்.

ஆனால் குண்டு விழாததால் மட்டும் இந்தத் தெரு பிழைத்துவிடவில்லை. அதற்குப்பின் வந்த ஆபத்து சத்தமில்லாதது. போருக்குப் பிறகு வியாபாரம் தெற்கே ரயில் நிலையப் பக்கம் நகர்ந்தது. பழைய தெரு வெறிச்சோடியது. இருந்த கடைக்காரர்கள் நாகரிகமாகத் தெரியட்டும் என்று தகரப் பலகைகளையும் பெரிய பெரிய விளம்பரங்களையும் மாட்டி, மண்சுவர்களை முகம் தெரியாமல் மூடிவைத்தார்கள். சில கடைகள் இடிக்கப்பட்டன. அடுக்குமாடிக் கட்டடங்கள் பக்கத்தில் தலைகாட்டத் தொடங்கின.

அங்கேதான் நான் மனமாரக் கைதட்ட விரும்பும் திருப்பம் வருகிறது. 1983-ல் கடைக்காரர்கள், ஊர்க்காரர்கள், கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து ‘கவகோயே குரா சங்கம்’ தொடங்கினார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் கடைக்கு வியாபாரம் வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1988-ல் கடைத்தெருவே தனக்கு 67 நெறிகளை வகுத்துக்கொண்டது. யாராவது கடையை மாற்றிக் கட்டுவதானால் திட்டத்தை ஊர்க்குழுவின் முன் வைத்துப் பேச வேண்டும். 1992-ல் மின்கம்பங்களைப் பிடுங்கிக் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோனார்கள். இப்போது தெருவில் நின்று நிமிர்ந்தால் முகடுகளுக்கும் வானத்துக்கும் குறுக்கே எதுவும் இல்லையே, அது அந்த ஆண்டின் வேலை! 1999-ல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதிகளில் ஒன்றாக அரசு இதைச் சேர்த்தது. ஊர்க்காரர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே களத்தில் இறங்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த நெறிகளில் பின்கட்டுக்கும் இடம் உண்டு. இங்கே மனைகள் எல்லாம் முகப்பு குறுகி, உள்ளே நீளமாகப் போகும். தெருவில் கடை, அதன்பின் குடும்பம் வாழும் வீடு, நடுவே முற்றம், கடைசியில் சரக்குக் கிடங்கு. ஒரு வீட்டுக்காரர் முற்றத்தை அடைத்து மாடி எழுப்பினால் அண்டை வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போய்விடும். அதனால் உள்ளே எந்த ஆழம்வரை கட்டலாம், எங்கே வெட்டவெளி விடவேண்டும் என்று அவர்களே எல்லை போட்டுக்கொண்டார்கள். ஒரு தேநீர்க்கடையின் உள்வழியாக நடந்து முற்றத்துக்கு வந்தபோது, ஒரு பக்கம் மேப்பிள் மரமும் கல்தொட்டியும், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு முற்றத்தின் மரமும் தெரிந்தன. தெருவின் இரைச்சல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. வெளியே ஆயிரம் பேர் நடக்கிற தெருவுக்குப் பின்னால் இப்படியொரு பச்சை வரிசை!

இருட்டில் மூச்சுவிடும் தொட்டிகள்

இப்போது வருகிறது இந்தப் பயணத்தில் என்னைத் துள்ள வைத்த இடம். தெருவிலிருந்து கொஞ்சம் விலகினால் மட்சுமோட்டோ என்ற பழைய சோயா சாஸ் கடை. முன்பக்கம் பார்த்தால் பாட்டில்கள், ஊறுகாய்கள் என்று வழக்கமான கடை. பின்கட்டிலோ 1830-ல் எழுந்த கிடங்கு இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது! குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள்.

நிலையைத் தாண்டும்போதே மணம் ஆளை நிறுத்தும். உப்பு, புளிப்பு, கொஞ்சம் பழவாசனை, அடியில் ஒரு மரமணம். கண் இருட்டுக்குப் பழகியதும் தெரிகின்றன தொட்டிகள். ஆளுயரத்தைத் தாண்டும் தேவதாருத் தொட்டிகள், ஏறத்தாழ நாற்பது. மூங்கிலை முறுக்கிப் பின்னிய வளையங்கள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேலே பலகைப் பாலத்தில் ஏறி எட்டிப் பார்த்தால், உள்ளே கூழ்பதத்தில் செம்பழுப்பு நிறம். வேகவைத்த சோயாவும் வறுத்து உடைத்த கோதுமையும் கோஜி என்னும் பூஞ்சையேறி, உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும் ‘மொரோமி’ அது. கவனித்துப் பாருங்கள்: பரப்பில் ஒரு குமிழி மெல்ல எழும்பி உடைகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மூலையில் இன்னொன்று. தொட்டி மூச்சுவிடுகிறது!

ஓராண்டு, ஈராண்டு என்று அது அப்படியே பக்குவப்படும். அவ்வப்போது கிளறிவிட வேண்டும். பிறகு துணியில் ஊற்றி மடித்து, அடுக்கி, அழுத்தினால் சொட்டுச் சொட்டாக இறங்குவதுதான் சோயா சாஸ். உத்தரத்தையும் சுவரையும் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கிடங்கில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வாழ்வது அந்த மரத்திலும் மண்ணிலும்தான். கழுவித் துடைத்தால் சுவையே மாறிப்போகும். புது ஆலை கட்டி இதே சுவையைக் கொண்டுவர முடியாது. கட்டடமும் இங்கே ஒரு சேர்மானம்! பழைய சுவரை ஏன் இடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட ருசியான காரணம் உண்டா?

முன்கடைக்கு வந்ததும் சின்னக் கிண்ணத்தில் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். நாக்கில் முதலில் உப்பு, உடனே ஒரு கனமான இனிப்பு. அந்த இருட்டும் அந்தக் குமிழியும் அதில் இருக்கின்றன.

மிட்டாய்ச் சந்தும் மணிக்கூண்டும்

அடுத்து ‘காஷியா யோக்கோச்சோ’, மிட்டாய்க் கடைச் சந்து. கல் பாவிய தரையில் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். வெயில் பட்டால் மிட்டாய் இறைந்து கிடக்கிற மாதிரி மின்னும். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோவின் மிட்டாய்க் கடைகள் நாசமானபோது, தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு செய்து அனுப்பும் பொறுப்பு இந்தச் சந்துக்கு வந்தது. அதன் உச்சக்கட்டத்தில் இங்கே எழுபது கடைகள்வரை இருந்தன. இன்று இருபது, முப்பது மிஞ்சியிருக்கின்றன. 2015-ல் இந்தச் சந்திலும் தீப்பிடித்துச் சில கட்டடங்கள் எரிந்தன. ஊர் மறுபடி எழுப்பிக்கொண்டது.

முன்பலகையில் அடுக்கியிருக்கும் மிட்டாயை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடாமல், கடைக்குள் வேலை நடக்கும் பக்கம் கண்ணைத் திருப்புங்கள். காய்ச்சிய சர்க்கரைப்பாகை உலோகத் தட்டில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எடுத்து, கொக்கியில் மாட்டி இழுக்கிறார் ஒருவர். இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து. நம் திருவிழாக்களில் கழியில் சுற்றி வரும் சவ்வு மிட்டாயின் வேலைதான், கை அசைவுகூட அதேதான்! காற்று ஏற ஏறத் தேன் நிறப் பாகு வெள்ளையாகிறது. வெள்ளையும் வண்ணமுமான துண்டுகளை அவர் ஓர் உருளையாக அடுக்குகிறார். அது தொடை பருமன் இருக்கும். பார்த்தால் வெறும் கோடுகள், திட்டுகள். அதை உருட்டி இழுத்து விரல் பருமனுக்குக் கொண்டுவந்து ஒரு வெட்டு வெட்டினால், வெட்டிய முகத்தில் ஒரு பூ! அடுத்த வெட்டிலும் அதே பூ. அந்த உருளைக்குள் பூ இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. கூடி நின்ற பிள்ளைகள் கூவியதற்கு மேல் நான் கூவினேன்.

இதே சந்தில், கருஞ்சர்க்கரை பூசிய நீளமான ‘ஃபுகாஷி’ குச்சிகளைப் பையில் குத்தி நிறுத்திக்கொண்டு நடக்கிறவர்களைக் காணலாம். கோதுமைப் பசையத்தில் செய்தது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், எடையோ ஒன்றுமில்லை.

மணிச்சத்தம் கேட்கிறதா? ‘தோக்கி நோ கானே’ மணிக்கூண்டு. மூன்று அடுக்கு, 16 மீட்டர் உயரம். பதினேழாம் நூற்றாண்டில் அன்றைய கோட்டைத் தலைவர் நிறுவிய வழக்கம். கூண்டு எரிய எரிய மறுபடி எழுந்தது. இப்போதிருப்பது பெருந்தீக்கு அடுத்த ஆண்டு, 1894-ல் கட்டியது. வீடிழந்து நின்ற ஊர் முதல் வேலைகளில் ஒன்றாக மணியைத் தூக்கி நிறுத்தியதை நினைத்துப் பாருங்கள்! காலை 6, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6 என்று நாளுக்கு நான்கு வேளை அது ஒலிக்கிறது. முன்னால் நின்று படம் எடுத்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். நீங்கள் கூண்டுக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போங்கள். அங்கே சிறு கோயில் ஒன்று இருக்கிறது. கூண்டின் மர எலும்புக்கூடு முழுவதும் அங்கிருந்து அண்ணாந்தால்தான் தெரியும்.

தேரின் உள்ளே ஒரு வித்தை

தெருவின் வடகோடியில் இருக்கும் விழா அரங்குக்குள் நுழைந்ததும் அண்ணாந்துதான் நிற்பீர்கள். அக்டோபர் மூன்றாவது ஞாயிறிலும் அதற்கு முந்தைய நாள் சனியிலும் நடக்கும் கவகோயே விழாவின் அசல் தேர்கள் அங்கே நிற்கின்றன. இந்த விழாவின் வேர் 1648-க்குப் போகிறது; 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. தேர்களின் உச்சியில் வரலாற்று, புராண மாந்தரின் பெரிய பொம்மைகள்.

அந்தப் பொம்மை உள்ளே இறங்கும்! தேரின் மேலடுக்குக்குள் பொம்மை இறங்க, மேலடுக்கு கீழடுக்குக்குள் இறங்க, மொத்தத் தேரும் சுருங்கிவிடும். எடோவில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் பார்வைக்காகத் தேர்கள் கோட்டை வாசலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. வாசல் தாழ்வு, தேர் உயரம். அதற்காகக் கண்டுபிடித்த வித்தை இது. அதோடு, பல தேர்களின் முன்மேடை வட்டமாகச் சுழலும். இரவில் இரண்டு தேர்கள் தெருமுனையில் சந்தித்தால், மேடையை எதிராளியின் பக்கம் திருப்பிப் புல்லாங்குழலும் மேளமும் சேகண்டியுமாக நேருக்கு நேர் வாசித்து மோதுகிறார்கள். நரிமுகம் மாட்டிய ஆட்டக்காரர் அந்த நெரிசலில் விளிம்புவரை வந்து ஆடுவார். அரங்கில் ஓடும் படத்தில் அதைப் பார்த்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விழா நாளில் தெருவில் நின்றால் என்ன ஆகும்! கம்பிகள் மண்ணுக்குள் போனபின் உச்சிப் பொம்மைகள் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்தே வரலாம் என்பதும் கூடுதல் மகிழ்ச்சி.

ஆறு கொண்டுவந்த செல்வம்

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஷிங்காஷி ஆற்றிலிருந்து. நெல்லும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மரமும் படகேறித் தலைநகருக்குப் போயின. திரும்பும் படகில் உரமும் துணியும் வந்தன. 1931 வரை, ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஓடிய போக்குவரத்து அது. தலைநகரத்துச் சுட்ட கிழங்குக் கடைகளால் கவகோயேவின் கிழங்குக்குப் பெயர் பரவியது. அதனால்தான் தெருவில் எங்கு திரும்பினாலும் கிழங்கு: வறுவல், பாகில் புரட்டியது, மாவுக்குள் வைத்து அவித்தது, ஊதா நிற ஐஸ்கிரீம். எல்லாவற்றையும் ருசி பாருங்கள்.

அந்தப் படகுப் போக்குவரத்துக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியின் சான்று தெருவிலிருந்து சற்று தள்ளி இருக்கிறது. 1638-ல் கித்தா-இன் கோயில் எரிந்தபோது, மூன்றாம் ஷோகுன் இயெமிட்சு எடோ கோட்டைக்குள்ளிருந்த மாளிகைப் பகுதியைப் பெயர்த்து இங்கே அனுப்பிவைத்தார். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் அறையும், அவரை வளர்த்த காசுகா நோ சுபொனேயின் ஒப்பனை அறையும் அதில் அடக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைகளுக்குள்ளேயே நடக்கலாம்! டோக்கியோவில் கோட்டையின் மதிலும் அகழியும் பார்க்கலாம். அந்தக் கோட்டையின் உள்ளறை இங்கே இருக்கிறது. வெளியே புத்தரின் 500-க்கும் மேற்பட்ட கல் சீடர்கள், சிரிப்பவர், அழுபவர், காதோடு காதாகக் குசுகுசுப்பவர் என்று ஒவ்வொருவரும் ஒரு முகத்தோடு.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

காலையில் தெரு, கடை திறந்ததும் ஒசாவா இல்லம், பிறகு சோயா கிடங்கு, மதியம் இங்கே பேர்பெற்ற விலாங்கு மீன் சோறு, அப்புறம் மிட்டாய்ச் சந்து, விழா அரங்கு, 3 மணிக்கு மணிக்கூண்டின் அடியில், அங்கிருந்து நேரே கித்தா-இன். இந்த வரிசையில் போனால் ஒரு பகலுக்குள் எல்லாம் அடங்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். படம் எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், ஏதாவது ஒரு கரிய கடையின் படியேறி உள்ளே போய் ஏதாவது வாங்குங்கள். ஒரு கத்தி, ஒரு கிண்ணம், ஒரு பாட்டில் சோயா சாஸ், எதுவாக இருந்தாலும் சரி. குரா சங்கத்துக்காரர்கள் 1983-ல் கண்டுகொண்ட உண்மை இன்றும் மாறவில்லை: கல்லாவில் காசு விழுந்தால்தான் கூரை ஓடு மாற்ற முடியும், பூச்சுக்காரரைக் கூப்பிட முடியும், அடுத்த தலைமுறை இந்தக் கடையிலேயே உட்கார முடியும். வாங்கிக்கொண்டு, பின்கட்டைப் பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். எல்லாக் கடையிலும் விடமாட்டார்கள். விடுகிற கடையில் உங்களுக்குக் காத்திருக்கும் முற்றத்தையும் கிணற்றையும் கிடங்கையும் பற்றி நான் இப்போது சொல்லிவிட்டால் உங்கள் குதூகலம் குறைந்துவிடும். போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்!